மலிவு விலையும் மறைந்த விலையும்

ஒரு காசுக்கு இரண்டு சிட்டுக்குருவிகள் விற்கப்படுவதாக மத்தேயு நற்செய்தியில் நம் ஆண்டவர் குறிப்பிடுகிறார். லூக்கா நற்செய்தியில் அக்கணக்கு சற்றே மாறுகிறது. அங்கே இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள். காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி, கூடுதலாக வாங்குபவருக்கு வணிகர் எடுத்துப் போட்ட கொசுறு. சந்தையில் விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியையும் இறைவன் மறப்பதில்லை என்பதே லூக்கா நமக்குத் தரும் ஆறுதல்.

மலிவு என்பது மாந்தர் அனைவருக்கும் இனிக்கும் சொல். மாத வருவாயை எண்ணி எண்ணிச் செலவிடும் இல்லங்களில் அதற்குத் தனி இனிமை உண்டு. அதை ஏளனம் செய்யும் உரிமை நமக்கு இல்லை. ஆயினும், ஒரு பொருளின் விலை குறையும்போது அக்குறைவின் சுமையை யார் தம் தோளில் ஏற்றுக்கொள்கிறார் என்னும் வினா, கிறிஸ்தவ மனச்சான்றை விட்டு அகலக்கூடாத ஒன்று. மலிவு விலைச் சங்கிலிக் கடைகள் பிறந்து பேருருவம் கொண்ட நாடு அமெரிக்கா. அந்நாட்டின் வணிக வரலாற்றை இவ்வினாவோடு புரட்டிப் பார்ப்போம்.

ஐந்து சென்ட் கடை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சிற்றூர்க் கடைகள் நம் ஊர் மளிகைக் கடைகளைப் போன்றே இருந்தன. பொருள்கள் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; கேட்டால் எடுத்துத் தருவார். விலை, ஆளைப் பொறுத்தும் பேரத்தைப் பொறுத்தும் மாறும். கையில் காசில்லாதோர் கணக்கில் எழுதிவிட்டு வாங்கிச் செல்வர். அக்கடன் ஒரு பக்கம் உதவி. மறு பக்கம் தளை. கடன்பட்டவர் வேறு கடையை நாட இயலாது; விலை மிகுதி என்று வாய் திறக்கவும் இயலாது.

1879-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிராங்க் உல்வொர்த் என்னும் இளைஞர் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிக்கா நகரில் ஒரு கடை திறந்தார். எப்பொருளும் ஐந்து சென்ட் என்பதே அக்கடையின் விதி. சில மாதங்களிலேயே அது நொடித்துப்போயிற்று. மனம் தளராத அவர், அதே ஆண்டு ஜூன் மாதம் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டரில் மீண்டும் கடை விரித்தார். இம்முறை வணிகம் செழித்தது. பொருள்கள் மேசைகளின்மேல் பரப்பி வைக்கப்பட்டன. எவரும் தொட்டுப் பார்க்கலாம். விலை அனைவருக்கும் ஒன்றே. பேரம் இல்லை, கடனும் இல்லை. ஏழைச் சிறுமி ஒருத்தி ஒரு நாணயத்தோடு தலைநிமிர்ந்து உள்ளே செல்ல முடிந்தது. 1913-இல் நியூயார்க்கில் உல்வொர்த் எழுப்பிய கட்டடம் 1930 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. சின்னஞ்சிறு நாணயங்களின் மேல் எழுந்த கோபுரம் அது!

ஆனால், ஒரே விலை என்பது ஒரே மதிப்பு ஆகிவிடவில்லை. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர் உல்வொர்த் கடைக்குள் சென்று சில பொருள்களை வாங்கினர். கடை அவர்களின் காசை மறுக்கவில்லை. பின்னர் அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து காப்பி கேட்டபோது, கறுப்பினத்தார்க்கு அங்கே பரிமாறப்படமாட்டாது என்றனர். மாணவர்கள் எழுந்து செல்லவில்லை. நாள்தோறும் மேலும் பலர் வந்து அமர்ந்தனர். அறப்போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. ஜூலை மாத இறுதியில் கடை பணிந்தது. மலிவான பொருளை எல்லாருக்கும் விற்ற கடை, ஓர் இருக்கையை எல்லாருக்கும் தர ஆறு மாதப் போராட்டம் வேண்டியிருந்தது. இந்த இருக்கையை நாம் நினைவில் கொள்வோம். இவ்வரலாற்றில் அது மீண்டும் வரும்.

சிறு வணிகரின் எதிர்ப்பு

மளிகைத் துறையில் இதே பாதையில் நடந்தது 'ஏ அண்டு பி' என்று அழைக்கப்பட்ட நிறுவனம். 1859-இல் நியூயார்க்கில் தேயிலைக் கடையாகத் தொடங்கிய அது, 1912-இல் புதிய முறை ஒன்றைக் கண்டது. கடன் கிடையாது, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தருவது கிடையாது, சிறிய கடை, குறைந்த ஆள், குறைந்த இலாபம், மிகுந்த விற்பனை. 1930-ஐ ஒட்டி அந்நிறுவனத்திற்கு 15,000-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன.

ஊர்தோறும் சிறு வணிகர் கலங்கினர். சங்கிலிக் கடைகள் பல்லாயிரம் கடைகளுக்கு ஒரே நேரத்தில் கொள்முதல் செய்தன. ஆகவே உற்பத்தியாளரிடம் விலையை அடித்துப் பேச முடிந்தது. ஒற்றைக் கடைக்காரருக்கு அந்த வலிமை ஏது? மாநிலங்கள் பல சங்கிலிக் கடைகளின்மேல் தனி வரி விதித்தன. இந்தியானா மாநிலத்தின் அத்தகைய வரி செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1931-இல் தீர்ப்பளித்தது. 1936-இல் ராபின்சன் - பேட்மன் சட்டம் வந்தது. ஒரே சரக்கைப் பெரியவருக்கு ஒரு விலை, சிறியவருக்கு ஒரு விலை என விற்றுப் போட்டியைக் குலைப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். சங்கிலிக் கடைகளையே ஒழித்துவிடக்கூடிய கடும் வரி ஒன்றும் பின்னர் முன்மொழியப்பட்டது, ஆனால் நிறைவேறவில்லை. பொருளாதார வீழ்ச்சியால் வாடிய மக்களுக்கு ரொட்டியின் விலை இரண்டு சென்ட் குறைவதும் பெரிதாக இருந்தது என்பதை மறக்கலாகாது. சிறு வணிகரின் வாழ்வும் ஏழை நுகர்வோரின் வயிறும் ஒரே தராசின் இரு தட்டுகளாயின. இரண்டிலும் இருந்தோர் எளியோரே. இவ்வரலாற்றின் துயரம் இங்கேதான் தொடங்குகிறது.

பேரங்காடிகளும் நிலைத்து நிற்பதில்லை. உல்வொர்த் தன் அமெரிக்க மலிவு விலைக் கடைகளை 1997-இல் மூடியது. 'ஏ அண்டு பி' 2015-இல் மறைந்தது. தம்மினும் மலிவாக விற்றவரிடம் அவை தோற்றன.

1962: ஓராண்டில் மூன்று பிறப்புகள்

1962-ஆம் ஆண்டு அமெரிக்க வணிகத்தில் ஒரு திருப்புமுனை. மார்ச் மாதம் மிச்சிகனில் கே-மார்ட், மே மாதம் மினசோட்டாவில் டார்கெட், ஜூலை 2 அன்று ஆர்க்கன்சாவின் ராஜர்ஸ் என்னும் சிற்றூரில் வால்மார்ட் எனத் தள்ளுபடி விலைப் பேரங்காடிகள் மூன்று பிறந்தன. மூன்றில் மிக எளிய நிலையில் தொடங்கிய வால்மார்ட்டே பின்னாளில் மற்றவற்றை விஞ்சியது.

அதன் நிறுவனர் சாம் வால்டன், 1945-இல் நியூபோர்ட் என்னும் ஊரில் சிறிய கடையொன்றை ஏற்று நடத்தியவர். கடை நன்கு நடந்தும், 1950-இல் கட்டட உரிமையாளர் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்ததால் வெளியேற நேர்ந்தது. சிறுவணிகரின் வலியை அவரும் அறிந்திருந்தார். அந்நாள்களில் அவர் கற்ற பாடம் எளிது. டாலருக்கு மூன்றாக விற்ற உடையை, வேறோர் இடத்தில் மலிவாகக் கொள்முதல் செய்து டாலருக்கு நான்காக விற்றார். ஒவ்வொன்றிலும் கிடைத்த இலாபம் குறைந்தது. விற்பனை பன்மடங்கு பெருகி, மொத்த இலாபம் உயர்ந்தது.

பெருநகரங்களை விட்டுவிட்டுப் பிறர் எட்டிப் பாராத சிற்றூர்களில் கடை திறந்தார் வால்டன். ஒரு கிடங்கைச் சுற்றி ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் கடைகளை அமைத்து, சொந்த வண்டிகளில் சரக்கை அனுப்பினார். 1980-களில் செயற்கைக்கோள் வழியாகக் கடைகளை இணைத்து, எந்தப் பொருள் எங்கே விற்கிறது என்பதைத் தலைமையகம் உடனுக்குடன் அறியச் செய்தது அந்நிறுவனம். 1992 ஏப்ரலில் அவர் மறைந்தார். இன்று அந்நிறுவனத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 21 இலட்சம் பேர் பணிபுரிகின்றனர்.

வரவும் செலவும்

நேர்மையான கணக்கு வரவையும் எழுத வேண்டும். வருவாய் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடுகிறது என்று எர்ன்ஸ்ட் ஏங்கல் என்னும் ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-இலேயே எடுத்துரைத்தார். ஆகவே, மளிகை விலை குறைந்தால் மிகுதியாக நன்மை பெறுவோர் ஏழைகளே. 2006-இல் வால்மார்ட் பொதுப்பெயர் மருந்துகள் பலவற்றை ஒரு மாத அளவுக்கு நான்கு டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, மருத்துவக் காப்பீடு இல்லாதோர் பலர் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ள வழி பிறந்தது. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பகுதியைச் சூறையாடியபோது, அரசின் உதவி தடுமாறிய இடங்களுக்கும் இந்நிறுவனத்தின் வண்டிகள் குடிநீரோடு முந்திச் சென்றன. இவற்றைச் சொல்லாமல் விடுவது பொய்ச்சான்று ஆகும்.

இனிச் செலவுப் பக்கம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் கென்னத் ஸ்டோன், 1980-களின் இறுதியிலிருந்து தம் மாநிலச் சிற்றூர்களை ஆராய்ந்தார். பேரங்காடி வந்த ஊரில் மொத்த விற்பனை பெருகியது, உணவகங்கள்கூடச் செழித்தன. ஆனால் அதே சரக்கை விற்ற துணிக்கடைகளும் இரும்புச் சாமான் கடைகளும் தேய்ந்தன. பேரங்காடி இல்லாத அண்டைச் சிற்றூர்களோ வாடிக்கையாளரை இழந்து வெறிச்சோடின. கடை மூடப்படும்போது மூடப்படுவது வணிகம் மட்டுமன்று. கோவில் திருவிழாவுக்கு நன்கொடை தந்தவர், வேலையிழந்த குடும்பத்திற்கு இரு மாதம் பற்றில் அரிசி தந்தவர், ஊர்ப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தவர் ஆகிய அந்த மனிதரும் அல்லவா கடைத்தெருவை விட்டு மறைகிறார்!

உழைப்பாளர் நிலையும் சிந்தனைக்குரியது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜோன்கியேர் என்னும் ஊரின் வால்மார்ட் பணியாளர் 2004-இல் தொழிற்சங்கம் அமைத்தனர். 2005-இல் அக்கடையே மூடப்பட்டது. இலாபமில்லை என்று நிறுவனம் கூறியது. அம்மூடல் தொழிலாளர் சட்டத்திற்கு முரணானது எனக் கனடிய உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வு செய்த மாநிலங்களில் அரசின் உணவு உதவியையும் மருத்துவ உதவியையும் பெற்றே வாழும் உழைப்பாளரை மிகுதியாகக் கொண்ட நிறுவனங்களின் வரிசையில் வால்மார்ட் முன்னணியில் இருந்தது. அந்த வேலையும் இல்லையெனில் அவர்கள் நிலை என்னாகும் என்று நிறுவனத்தின் ஆதரவாளர் கேட்கின்றனர். 2015-க்குப் பின் ஊதியம் உயர்த்தப்பட்டதையும் சுட்டுகின்றனர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், நாளெல்லாம் உணவுப் பொருளை அடுக்கி வைப்பவர், தம் வீட்டு உணவுக்கு அரசின் கையை எதிர்பார்ப்பது எவ்வகை முறை?

கண்ணுக்கு எட்டாத தொலைவில் இன்னொரு செலவு. 2012 நவம்பர் 24 அன்று வங்கதேசத்தின் தாஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐந்து மாதங்கள் கழித்து, 2013 ஏப்ரல் 24 அன்று, தாக்கா நகரை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் உயிரிழந்தனர். முந்தைய நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர் மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டனர். மேலைநாட்டுக் கடைகளுக்கு உரிய நாளில் உரிய விலையில் ஆடை போய்ச் சேரவேண்டும் என்னும் நெருக்கடி அவர்களின் தலைமேல் இருந்தது.

திருச்சபையின் குரல்

அமெரிக்கச் சங்கிலிக் கடைகள் வளர்ந்த அதே காலத்தில் திருச்சபையின் சமூகப் போதனையும் வளர்ந்தது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், உழைப்பாளரும் முதலாளியும் மனமொத்து ஏற்ற ஊதியமேயாயினும், அது உழைப்பவர் சிக்கனமாக வாழப் போதாததாயின் நீதியாகாது எனக் கற்பித்தார். அதை அமெரிக்கச் சூழலுக்கு விரித்துரைத்தவர் மினசோட்டா நாட்டுப்புறத்தில் பிறந்த அருள்பணியாளர் ஜான் ரையன். வாழ்வதற்குரிய ஊதியம் பற்றிய அவரது நூல் 1906-இல் வெளிவந்தது. இந்தியானா வரித் தீர்ப்பு வந்த அதே 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், சிறிய அமைப்புகள் செய்யக்கூடிய பணியைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்வது அநீதி என்னும் கோட்பாட்டை நிலைநாட்டினார். கடைத்தெருவையும் அக்கோட்பாட்டின் ஒளியில் பார்க்கலாம் அன்றோ?

நம் வினாவுக்கு மிக நெருங்கி வருபவர் புனித இரண்டாம் அருள் சின்னப்பர். 1981-இல் அவர் எழுதிய 'லபோரெம் எக்சர்சென்ஸ்' மடலில் நேரடி முதலாளி, மறைமுக முதலாளி என்னும் வேறுபாட்டைக் காட்டுகிறார். சம்பளம் தருபவர் மட்டுமே பொறுப்பாளர் அல்லர். அச்சம்பளத்தின் அளவைத் தொலைவிலிருந்து தீர்மானிக்கும் அரசுகளும் அமைப்புகளும் நிறுவனங்களும் பொறுப்பில் பங்குகொள்கின்றன. தாக்காவின் தையற்காரிக்குத் தொழிற்சாலை உரிமையாளர் நேரடி முதலாளி. விலையைக் கட்டளையிடும் பேரங்காடி மறைமுக முதலாளி. அந்த விலையைத் தேடி ஓடும் நாம்? 2009-இல் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் விடை தந்தார்: பொருள் வாங்குதல் வெறும் பொருளாதாரச் செயலன்று, அறநெறிச் செயலுமாகும் என்றார். ராணா பிளாசா வீழ்ந்த மறுவாரம், மே முதல் நாளில், அத்தொழிலாளர் மாதம் 38 யூரோவுக்கு உழைத்தனர் என்பதைச் சுட்டிய திருத்தந்தை பிரான்சிஸ் அதை அடிமை உழைப்பு என்றே அழைத்தார்.

ஓய்வு நாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் எனத் துடித்த வணிகரை இறைவாக்கினர் ஆமோஸ் கடிந்துகொண்டார். அவ்வெச்சரிக்கை இன்றும் உயிருள்ளது. திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கப் பெர்லின் மாநிலம் இசைவளித்தபோது, அந்நகரின் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் சீர்திருத்தச் சபையும் வழக்குத் தொடர்ந்தன. 2009 டிசம்பர் 1 அன்று ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் ஞாயிறு ஓய்வைக் காத்துத் தீர்ப்பளித்தது.

வேறு வழிகள்

வாங்குவோர் நினைத்தால் எதுவும் மாறாது என்போர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1891-இல் நியூயார்க்கில் பெண்கள் சிலர் நுகர்வோர் கழகம் ஒன்றை நிறுவினர். விற்பனைப் பெண்களுக்கு நியாயமான ஊதியமும் வேலை நேரமும் உட்கார இருக்கையும் தரும் கடைகளின் 'வெள்ளைப் பட்டியல்' ஒன்றை வெளியிட்டு, அக்கடைகளிலேயே வாங்குமாறு வேண்டினர். 1899-இல் அது நாடு தழுவிய கழகமாகி, புளோரன்ஸ் கெல்லி அம்மையாரின் தலைமையில் குழந்தை உழைப்பை எதிர்த்தது.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 டிசம்பர் 21 அன்று எளிய உழைப்பாளர் தம் சேமிப்பைத் திரட்டி ஒரு கூட்டுறவுக் கடை திறந்தனர். மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் ஓட்ஸ் மாவுமே சரக்கு. சரியான எடை, கலப்படமின்மை, இலாபத்தை வாங்கியவர்க்கே பகிர்தல் என்பனவே கொள்கை. அவ்வழியில்தான் சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அருள்பணியாளர் மோசஸ் கோடி, 1928 முதல் ஆன்டிகோனிஷ் இயக்கத்தின் வழியாக மீனவர்க்கும் சுரங்கத் தொழிலாளர்க்கும் கூட்டுறவுக் கடைகளையும் கடன் சங்கங்களையும் கற்பித்தார். விலையைக் குறைக்க உழைப்பவரின் வயிற்றைக் குறைப்பது ஒன்றே வழியன்று என இவர்கள் மெய்ப்பித்தனர். கூட்டுறவுகள் பல பின்னர் நலிந்ததும் உண்மையே. நல்ல நோக்கம் மட்டும் நல்ல நிருவாகம் ஆகிவிடாது.

நம் முற்றத்தில்

இக்கதை கடல் கடந்த கதை என்று ஒதுக்க நமக்கு வழியில்லை. மேலைநாட்டுப் பேரங்காடிகளில் தொங்கும் பனியன்கள் பல திருப்பூரில் தைக்கப்பட்டவை. அவற்றுக்கு நூல் தந்த மேற்கு மாவட்ட ஆலைகள் சிலவற்றில், திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்னும் வாக்குறுதியில் ஏழை இளம்பெண்கள் ஆண்டுக்கணக்கில் விடுதிகளில் அடைபட்டு உழைத்த 'சுமங்கலித் திட்டம்' நாடறிந்தது. அப்பெண்களுள் நம் பங்குகளின் பிள்ளைகள் எவரும் இல்லை என்று உறுதி கூற யாரால் இயலும்?

நம் நகரங்களின் பல மாடி ஜவுளிக் கடைகளில் நமக்குச் சேலையை விரித்துக் காட்டும் பெண், காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்ததை நாம் எத்தனை ஆண்டுகள் கவனித்தோம்? கடைப் பணியாளர்க்கு இருக்கை தர வேண்டும் என்னும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 2021-இல்தான் வந்தது. நியூயார்க் பெண்கள் அதே இருக்கையைக் கேட்டு நூற்று முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் வந்துவிட்டது, இருக்கை வந்துவிட்டதா, வந்தாலும் உட்கார விடுகிறார்களா என்று பார்ப்பது வாங்கச் செல்லும் நம் கண்களின் பணி.

இதனால் ஏழைத் தாய் ஒருத்தி அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பத்து ரூபாய் குறைவு என்பது அவளுக்கு ஒரு வேளை பால். அவளுடைய வறுமையின்மேல் அறச் சுமையை ஏற்றுவது பரிசேயத்தனம் ஆகும். ஆனால், பத்து ரூபாய் ஒரு பொருட்டாக இல்லாத நாமும் அதே மலிவைத் தேடி அலைகிறோமே, அங்கே நம் நிலை வேறு. நமக்கு மலிவு தேவையன்று, பழக்கம். தேவைக்கு வாங்குவதும் மலிவு என்பதற்காகவே வாங்கி அலமாரியை நிரப்புவதும் ஒன்றல்ல.

பொழுது சாயுமுன் கூலி கொடுத்துவிடுமாறு இணைச்சட்ட நூல் பணிக்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதுகிறார். கிறிஸ்து பிறப்புக்குப் புத்தாடை வாங்கச் செல்லும் நாளில் அக்குரலுக்குச் சற்றே செவி கொடுப்போம். தெருமுனை அண்ணாச்சி கடையில் வாங்கக்கூடியதை அங்கே வாங்கலாம். பெரிய கடைக்குச் சென்றால், பரிமாறும் பெண்ணிடம் "உட்கார இடம் உண்டா, அம்மா?" என்று கேட்கலாம், இல்லையெனில் மேலாளரிடம் பணிவோடு சொல்லலாம். நம் பங்கு அமைப்புகள் தமக்கு வேண்டிய துணியையும் மளிகையையும் நியாயமாக நடத்தும் இடங்களில் தேடலாம். இவை சிறு செயல்களே. கிரீன்ஸ்பரோ மாணவர்கள் செய்ததும் ஓர் இருக்கையில் அமர்ந்ததுதான்.

விலைச்சீட்டில் எழுதப்படாத ஒருவர் ஒவ்வொரு மலிவுக்குப் பின்னாலும் நிற்கிறார். ஐந்தாம் குருவியை நினைவில் வைத்திருக்கும் இறைவன், அவரைப் பற்றி ஒருநாள் நம்மிடம் கேட்பார்.